பன்னிரண்டாவது நிமிடம்

மாலை மணி ஆறு பதினேழு. முதலில் கண்ணில் பட்டது, திரையின் இடது மேல்மூலையில் பச்சை நிறத்தில் இருந்த ஓர் எண்: 61.

மற்றவை பிறகுதான் தெரிந்தன. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி. அவள் காதுகளை மூடியிருந்த ஹெட்போன். திரையில் மஞ்சள் சுவர் வைத்த ஒரு கிடங்கு, அதற்குள் துப்பாக்கியோடு ஓடும் ஐந்து பேர்.

ஆறு இருபத்தொன்பதுக்கு அந்த எண் 40 ஆனது. பிறகு 31. பிறகு 19. கிடங்கின் சுவர்கள் வெட்டி வெட்டி நகர்ந்தன. ஓடியவர்கள் ஓரிடத்தில் காணாமல் போய் இன்னோரிடத்தில் நின்றார்கள். யாழினி பட்டனை அழுத்தினாள். அரை நொடி கழித்துத்தான் துப்பாக்கி வெடித்தது. அதற்குள் அவள் செத்துப் போயிருந்தாள்.

ஹெட்போனைத் தாண்டி எனக்கும் கேட்டது அந்தக் குரல். "சிஸ், லேக் லாகி கா?"

மறுபடியும் தடுமாறுகிறதா என்று மலாயில் கேட்கிறான். அவன் பெயர் வெங். மெங்லெம்புவில் இருக்கிறான். யாழினியின் அணித்தலைவன்.

"சோரி லா. இந்த ஒரு ரவுண்டு மட்டும்," என்றாள் அவள். இதே வார்த்தைகளை ஒரு வாரத்துக்குள் நான் நான்காவது முறையாகக் கேட்டேன்.

சனிக்கிழமை வரை

இந்தத் தொடரில் பத்திரிகை அலுவலகத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கோப்பெங்கிலிருந்து ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். இந்த வாரம் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலைத் தாண்டப் போவதில்லை.

பச்சை எண்ணை முதலில் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு எத்தனை படங்களை வரைந்து காட்டுகிறது என்பதுதான் அது. அறுபது இருந்தால் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். முப்பதுக்குக் கீழே போனால் தடுமாற்றம் தெரியும். இருபதுக்குக் கீழே போனால் எதிரி எங்கே நிற்கிறான் என்பதை அவன் சுட்ட பிறகுதான் பார்க்க முடியும்.

எங்கள் கம்ப்யூட்டர் ஓர் அலுவலகம் மூடியபோது விலைக்கு வந்த பழைய மேசைக் கம்ப்யூட்டர். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் செய்யப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் யாழினியின் ஆன்லைன் பாடத்துக்காக வாங்கினோம். பிறகு அவள் தன் கைக்காசில் ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு வாங்கி அதில் போட்டாள். அதற்கு மேல் அந்தப் பெட்டி தாங்காது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் மாநில அளவில் நடக்கவிருந்த போட்டிக்காக அந்த ஐந்து பேரும் ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தார்கள். அணியில் அவள் ஒருத்திதான் பெண். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கவனித்து மற்ற நால்வருக்கும் சொல்வது அவள் வேலை. எண் பத்தொன்பதில் நிற்கும்போது அந்த வேலையை யாராலும் செய்ய முடியாது.

வெங் கெட்டவன் இல்லை. நேராகச் சொன்னான். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிப் பயிற்சி ஆட்டம். அதற்கடுத்த திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். சனிக்கிழமையும் அவள் திரை நின்றால், தாசேக்கில் இருக்கும் இன்னொரு பையனின் பெயரைக் கொடுத்துவிடுவான்.

அன்று திங்கள். ஐந்து நாள் இருந்தது.

மச்சான் வைத்தியம்

முதலில் யாழினி விளையாட்டின் படத் தரத்தைக் குறைத்தாள். நிழல்கள் போயின, புல் போனது, சுவரில் இருந்த செங்கல் கோடுகள் போயின. எண் 61இலிருந்து 74க்கு ஏறியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மறுபடியும் 19க்கு இறங்கியது.

நான் லைன் மீது சந்தேகப்பட்டேன். என் தலைமுறைக்கு எல்லாக் கோளாறும் லைனில்தான் தொடங்கும். வைஃபையை நம்பாமல் நீளமான ஒயர் ஒன்றை வாங்கி வந்து ஹாலின் குறுக்கே போட்டேன். என் மனைவி ராணி அதில் கால் தடுக்கி விழப் பார்த்தாள். படம் பழையபடியே நின்றது.

"ப்பா, லைன் இல்லப்பா. பிங், அதான் லைன் போய்வர நேரம், நல்லாத்தான் இருக்கு. பாருங்க, இருபத்தேழு."

"அப்ப எது?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

செவ்வாய்க்கிழமை ராணியின் தம்பி குமார் கமுந்திங்கிலிருந்து வந்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறான். கம்ப்யூட்டர் என்றால் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்பது குடும்பத்தில் அவனே ஏற்படுத்திக்கொண்ட நடைமுறை.

"மச்சான், இதுக்கெல்லாம் ஒரே மருந்துதான். விண்டோஸை அழிச்சுப் புதுசாப் போடணும்."

"போட்டா சரியாயிடுமா?"

"கேரண்டி லா மச்சான்!"

மூன்று மணி நேரம் போட்டான். நடுவில் இரண்டு முறை தே தாரிக் தேநீர் குடித்தான். முடிந்தபோது யாழினி ஆறு மாதமாகத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்த பட்டன், மவுஸ் வேகம், ஒலி அளவு எல்லாம் போயிருந்தன. பன்னிரண்டாவது நிமிடம் மட்டும் அப்படியே இருந்தது.

"மாமா," என்றாள் யாழினி, அழுகையை அடக்கிக்கொண்டு. "நீங்க அடுத்த தடவை வரும்போது சும்மா சாப்பிட மட்டும் வாங்க."

குமார் என்னைப் பார்த்தான். "புது கம்ப்யூட்டர் வாங்கிடுங்க மச்சான். இது ஓல்டு லா." நான் விசாரித்த கடைக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்து பார்க்காமல்.

காலண்டரில் எழுதிய நேரம்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் கடல் பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. போய் விசாரித்தேன். ஒருவர் விடியற்காலை என்றார். ஒருவர் நடுச்சாமம் என்றார். ஒருவர் தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தார். மளிகைக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் மட்டும் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் காட்டினார். தண்ணீர் முதல் படியைத் தொட்ட நேரம், இரண்டாம் படி, அரிசி மூட்டை. மூன்றும் பென்சிலில் எழுதியிருந்தன. அன்றைய கடலேற்ற நேரத்தோடு அது பொருந்தியது. என் செய்தியில் நின்றது அந்தக் காலண்டர் மட்டும்தான்.

அன்றிலிருந்து எனக்குக் கோளாறு என்றால் முதலில் நேரம். காரணம் பிறகு.

புதன்கிழமை காலை அந்தப் பழக்கம் தாமதமாக நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டில் மூன்று கோடு போட்டேன். ஆட்டம் தொடங்கிய மணி, எண் விழுந்த மணி, அப்போது வீடு எப்படி இருந்தது. யாழினிக்கு அன்று வகுப்பு மதியத்துக்கு மேல்தான். ஒரே ஆட்டத்தை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டினாள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கம்ப்யூட்டரை அணைத்து முக்கால் மணி நேரம் விட்டோம்.

காலை ஏழரை: பதினெட்டு நிமிடம் தாங்கியது. பதினொன்றரை, வெயில்: ஒன்பது நிமிடம். அவள் வகுப்பு முடிந்து வந்த பிறகு மாலை ஐந்து, நல்ல மழை: பத்தொன்பது நிமிடம். மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தபோது இருபத்திரண்டு.

குறிப்பேட்டை யாழினியிடம் நீட்டினேன். அவள் ஒரு முறைதான் பார்த்தாள்.

"சூடு," என்றாள்.

உடனே ஒரு சின்ன மென்பொருளை இறக்கினாள். இரண்டாவது எண் ஒன்று திரையில் வந்தது. ஆட்டம் தொடங்கியபோது, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரின் சூடு 58 டிகிரி. பிறகு 80. பிறகு 91. 99ஐத் தொட்ட அதே நொடியில் படங்களின் எண் விழுந்தது. வெந்துபோகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே பாதிக்கு மேல் குறைத்துக்கொள்கிறது என்று யாழினி விளக்கினாள்.

காரணம் தெரிந்துவிட்டது. திறக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அதன் உள்ளே கிராபிக்ஸ் கார்டைச் செருகிய இடம் மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. ஏதாவது உடைந்தால் சனிக்கிழமையே இல்லை.

சமையலறையிலிருந்து ராணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் சவத்துக்கிட்ட உட்கார்ந்த மாதிரி?"

சொன்னோம்.

"சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்கைக் கழற்றணும். அவ்வளவுதானே? தள்ளுங்க."

பதினான்கு வருடக் கை

ராணி சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிய மூன்றாவது மாதம் ஈப்போவுக்கு வந்து ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். யாழினி பிறக்கும் வரை அங்கே பதினான்கு ஆண்டுகள். முதலில் மின்சுற்றுப் பலகைகளில் பாகம் பொருத்தும் வரிசை. பிறகு, சோதனையில் தோற்றுத் திரும்பி வரும் பலகைகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் மேசை. அந்த மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் தமிழர் இவள் ஒருத்திதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். திருமணத்துக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்த மூன்று நாளில் குமாரைக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன், இணையத்தில் யாரோ முகம் தெரியாதவர்களைக் கேட்டோம். பத்தடி தள்ளிச் சமைத்துக்கொண்டிருந்தவளைக் கேட்கவில்லை.

"ஏன்மா நீங்க சொல்லலை?" என்றாள் யாழினி.

"நீங்க கேட்டீங்களா? ஸ்பீடு, லைன், விண்டோஸ்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. சூடுன்னு இப்பத்தான் சொல்றீங்க. அது எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை காலை அவள் சொன்ன பொருட்களை வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, கம்ப்யூட்டர் கடையில் சூடு கடத்தும் பசை ஒரு சின்ன ஊசிக்குழல். வீட்டில் பெயிண்ட் அடிக்காத புது பிரஷ் ஒன்று இருந்தது.

அவள் வளையல்களைக் கழற்றி வைத்தாள். தாலிச்சரட்டைச் சட்டைக்குள் போட்டு, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினாள். உலோகம் பலகையில் படாமலிருக்கத் தொழிற்சாலையில் திருமணமான பெண்கள் எல்லாரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்வார்களாம். மூக்குத்திக்கும் டேப்.

பிறகு கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டாள்.

"கழற்றப் போறோம்னு சொல்லிட்டு ஏன் ஓட விடுறீங்க?" என்று யாழினி கேட்டாள்.

"பழைய பசை காஞ்சு கல்லா இருக்கும். சூடானாத்தான் இளகும். அப்படியே பிடிச்சு இழுத்தா ப்ராசசரும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துடும்."

அணைத்தாள், ஒயரைப் பிடுங்கினாள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தரம் தொட்டாள். பக்கப் பலகையைக் கழற்றினாள். நான்கு திருகுகளை எதிரெதிர் மூலையாக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினாள். கடைசியில் ஹீட் சிங்க் என்ற அந்த அலுமினியக் கட்டியை இழுக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகினாள். அது சத்தமில்லாமல் கையோடு வந்தது. மொத்தம் எட்டு நிமிடம். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

தூசி இப்படி ஒட்டாது

விசிறியின் இறக்கைகள் பழுப்பாக இருந்தன. அதன் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லை. அடர்ந்த, பிசுபிசுப்பான ஒரு பழுப்புக் கம்பளம் எல்லாவற்றையும் அடைத்திருந்தது.

"எவ்வளவு தூசி!" என்றேன்.

ராணி கிட்டே குனிந்தாள். ஒரு விரலால் தொட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

"இது தூசி இல்ல. இது என் சாம்பிராணி."

எங்கள் ஹாலின் அமைப்பைச் சொன்னால் புரியும். கம்ப்யூட்டர் வந்த அன்று, படிப்புக்கு வாங்கிய பொருள் சாமிக்குக் கீழே இருக்கட்டும் என்று ராணி சொன்னாள். சாமி மேடைக்கு நேர் கீழே ஓர் அலமாரி, பக்கத்திலேயே பிளக். எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. சரஸ்வதி பூசைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் ராணி வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். சுற்றி முடித்ததும் தூபக்காலைச் சாமிக்கு முன்னால், அதாவது கம்ப்யூட்டரின் பக்கத்தில், தரையில் வைப்பாள். கரி அணையும் வரை அது அங்கே புகையும். அந்த நேரத்தில் யாழினி பயிற்சியில் இருப்பாள். பெட்டியின் விசிறி முழு வேகத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

வாங்கிய நாள் முதல் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

"இல்லம்மா, எல்லா வீட்டிலயும் இருக்கிற தூசிதான்," என்றாள் யாழினி அவசரமாக.

"பாக்குற கண்ணுக்குத் தெரியாதாடி? தூசி இப்படி ஒட்டாது. எங்க அப்பா புகைவீட்டுல வேலை செஞ்சாரு. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற இடம். கதவைத் திறந்தா மேல்கட்டையில இதே மாதிரிதான் தொங்கும். அவர் சட்டையை எத்தனை தரம் துவைச்சாலும் போகாது." விரலைத் துணியில் துடைத்தாள். "நான்தான் இதை அடைச்சிருக்கேன். சரி, நான்தான் எடுக்கணும்."

முப்பது ஆண்டுகள் நிருபராக இருந்தேன். தீ விபத்து, சாலை விபத்து, சங்கத் தேர்தல் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். காரணம் நான்தான் என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. அந்த ஹாலில் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணை எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

"என்ன பாக்குறீங்க? அந்த பிரஷை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

விசிறி சுழன்றுவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். தகடுகளை ஆல்கஹாலில் நனைத்துத் துலக்கினாள். பஞ்சுக்குச்சிகள் பழுப்பாகிக் குவிந்தன. ப்ராசசரின் மேல் காய்ந்து சுண்ணாம்பு போல் உதிர்ந்த பழைய பசையை வழித்தாள். புதுப் பசையில் ஒரு பச்சரிசி அளவுக்கு நடுவில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடலாமே," என்றேன்.

"சும்மா இருங்க லா. சட்னியா இது?"

யாழினி சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மணி ஆட்டம்

வியாழன் மாலை ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினோம். குறிப்பேடு என் மடியில். பத்து நிமிடம்: 73. பன்னிரண்டு நிமிடம்: 72. ராணி சமையலறை வாசலில் நின்றாள். வரவில்லை, போகவும் இல்லை. இருபது நிமிடம்: 73, சூடு 67 டிகிரி. நாற்பது நிமிடம் ஆனதும் நான் குறிப்பதை நிறுத்தினேன். எழுத ஒன்றும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. யாழினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ம்மா, இன்னிக்குச் சாம்பிராணி...?"

"போடுவேன். ஏன் போட மாட்டேன்? சாமி இருந்த இடத்துலயே இருக்கட்டும். உன் கம்ப்யூட்டர் நகரட்டும்."

மூவரும் சேர்ந்து பெட்டியை எதிர்ச் சுவரில் ஜன்னலோரத்துக்கு மாற்றினோம். ராணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, தூபக்காலோடு வழக்கம்போல வீட்டைச் சுற்றினாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. எண்ணைப் பார்க்க நான் போகவில்லை. ஹாலின் இந்தப் பக்கத்திலிருந்து யாழினியின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இடப்பக்கம் ரெண்டு பேர். வெங், கீரி, கீரி! மாடியில ஒருத்தன். வெயிட், வெயிட்... இப்ப போ!"

கீரி என்றால் மலாயில் இடப்பக்கம். அவசரத்தில் அவளுக்கு எந்த மொழி முந்துகிறதோ அது வரும். மற்ற நால்வருக்கும் எல்லாம் புரிகிறது.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். அது எதிரணியின் திறமை. கம்ப்யூட்டரால் இல்லை. அடுத்த இரண்டையும் வென்றார்கள். கடைசிச் சுற்றில் மற்ற நால்வரும் விழுந்த பிறகு யாழினி தனியாக இருவரைச் சமாளித்தாள் என்று பிறகு சொன்னாள். எனக்குத் தெரிந்தது, அவள் அதுவரை பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள் என்பதும், பதினோரு நொடிகள் கழித்து நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தமும்தான்.

ஹெட்போனிலிருந்து நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வெங் என்னவோ கேட்டான். யாழினி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"புதுசு வாங்கலை லா. எங்கம்மா ரிப்பேர் பண்ணாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆமா, அம்மாதான். ஏன், உன்னுதும் ரோசாக்கா, கெட்டுப் போச்சா?"

ராணி அதைக் கேட்டாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குப் பெயர்ப் பதிவு முடிந்தது. அணியின் பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் யாழினி.